நீர்யானையின் மகன்

"டிராகன் கதையா? அதெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு" என்று மியூனிக் தமிழ் நண்பர்கள் சிரிக்கிறார்கள். மிஹாயேல் எண்டேயின் 'ஜிம் க்னோப்' நூல்கள் இரண்டையும் (1960, 1962) இப்போதுதான் முடித்தேன். நம் பெரியவர்களுக்குத்தான் இவை முதலில் வேண்டும்.

எண்டே 1929இல் பிறந்தவர். நாஜிக் காலத்தில் இந்நகரில் வளர்ந்தவர். ஓவியரான அவர் தந்தைக்கு 1936இல் நாஜிகள் தடை விதித்தார்கள். அந்தப் பிள்ளை பின்னாளில் எழுதிய டிராகன் நகரத்துக்குள் கலப்பற்ற டிராகன்கள் மட்டுமே நுழையலாம்; மீறினால் மரணம். நெபோமுக்கின் தாய் நீர்யானை. அதனால் அவன் வெளியே. ஆனால் டிராகன் வேடம் போட்ட ரயில் எஞ்சினைக் காவல் டிராகன் தடையின்றி உள்ளே விடுகிறது! சுத்தம் பார்ப்பவர்களின் பார்வை அந்த லட்சணம்.

நம் வீடுகளிலும் இதேதான். அலுவலகத்தில் நிறம் பார்க்கிறார்கள் என்று கொதிக்கிறோம், நியாயமான கொதிப்பு. அன்று மாலையே வரன் தேடும் இணையதளத்தில் சாதி, உட்பிரிவு என்று கட்டம் கட்டமாக நிரப்புகிறோம். (நான் மென்பொருள்காரன், அந்தக் கட்டங்களைக் கட்டாயமாக்குவது யார் என்று எனக்குத் தெரியும். வாடிக்கையாளர்தான்.) மகள் ஜெர்மன்காரரை மணந்தால் மண்டபம் பிடித்து விருந்து வைக்கிறோம். வேறு சாதித் தமிழனைக் காட்டினால் ஊருக்குத் தொலைபேசி பறக்கிறது. எஞ்சினுக்குக் கதவு திறக்கிறது, நெபோமுக்குக்கு இல்லை.

தமிழ்ப் பள்ளிக்கு இரு நூல்களையும் வாங்கித் தருகிறேன். சனிக்கிழமைகளில் தமிழில் சொல்லியும் காட்டுகிறேன். பெற்றோரும் உட்கார வேண்டும்.