பக்குவம் என்றால் வாயை மூடிக்கொள்வதா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படியுங்கள். ஆனால் முழுசாகப் படியுங்கள்.

பாடகர் அறிவின் 'வள்ளியம்மா பேராண்டி' பாடல் தொகுப்பைப் பற்றி நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. 2024ல் வந்த தொகுப்பு, நம்மவர்கள் காதுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. குடும்பக் குழுவில் என் மச்சான் எழுதினார்: "பரவாயில்லை, பையன் இப்பத்தான் பக்குவப்பட்டிருக்கான். முந்தியெல்லாம் ஒரே கத்தல், சாதி சாதின்னு." அதற்கு வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்தன. மாணவர் குழுவில் ஒரு தம்பி எழுதினான்: "சார், ஆளு சூடு ஆறிட்டார். பழைய வெறி இல்லை. விலை போயிட்டார்."

பார்த்தால் இருவரும் எதிரெதிர் கட்சி போலத் தெரியும். முப்பது வருடம் விடைத்தாள் திருத்தியவன் சொல்கிறேன், இரண்டும் ஒரே தாளைப் பார்த்து எழுதிய விடைகள். கோபம் குறைந்தால்தான் பக்குவம் என்று இருவருமே நம்புகிறார்கள். ஒருவருக்கு அதில் சந்தோஷம், மற்றவருக்கு வருத்தம். அவ்வளவுதான் வித்தியாசம்.

முதலில் விவரம் தெரியாதவர்களுக்காக. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னையில் ஒரு குழு மேடை ஏறியது. 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்று பெயர். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. அயோத்திதாசப் பண்டிதர் வழிவந்த 'சாதியற்ற தமிழர்' என்ற சொல்லாட்சிதான் அந்தப் பெயரின் மூலம். கானா, ராப், ராக், பறை எல்லாம் ஒரே மேடையில். அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை 2020ல் பிபிசி உலகின் நூறு பெண்கள் பட்டியலில் சேர்த்தது. அங்கிருந்து வெளியே தெரிந்தவர்தான் அரக்கோணத்துப் பையன் அறிவு. இட ஒதுக்கீட்டைப் பற்றி அவர் பாடியபோது நம் வீடுகளில் எத்தனை பேருக்கு முகம் சுளித்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

2019ல் ஆஃப்ரோ என்ற இசையமைப்பாளரோடு 'தெருக்குரல்' தொகுப்பு. அதில் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டில் செத்துப்போன ஸ்னோலின் பெயரிலேயே ஒரு பாட்டு உண்டு. வேகம், மூச்சு விடாத சொற்கள், நேராக நெஞ்சைக் குத்தும் கேள்வி. 2021 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் இசையில் தீயோடு பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி'. அதே வருடம் 'மாஸ்டர்' படத்தில் 'வாத்தி ரெய்டு'. (வாத்தியார் என்ற முறையில் இதற்கு மட்டும் நான் தனியாக நன்றி சொல்ல வேண்டும்.) அதற்கப்புறம் தி அம்பாசா பேண்ட் என்ற குழுவைச் சேர்த்துக்கொண்டு, சினிமாவுக்கு வெளியே நின்று கொண்டுவந்ததுதான் 'வள்ளியம்மா பேராண்டி'.

வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 1948ல் இலங்கை அரசு கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை ஒரே அடியில் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3 லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்ளும் என்று கணக்கு. வீட்டுப் பாத்திரத்தைப் பங்கு வைப்பது போல ஆட்களைப் பங்கு வைத்தார்கள். தலைமுறை தலைமுறையாகக் காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் ஒரு துணி மூட்டையோடு கப்பல் ஏறி வந்தார்கள். 'எஞ்சாய் எஞ்சாமி'யின் சங்கதியும் அதுதான். தோட்டம் போட்டவருக்கு அந்தத் தோட்டத்தில் பங்கில்லை என்கிற கதை. நம் வீட்டுக் காதுகுத்து, சடங்கு எல்லாவற்றிலும் அதற்கு ஆடினோம். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது. எதற்கு ஆடுகிறோம் என்று எத்தனை பேர் கேட்டோம்?

இப்போது மச்சானுக்கு வருகிறேன்.

மச்சான், உங்களுக்குப் பக்குவம் என்ற சொல்லை நான் விளக்க வேண்டியதில்லை. ஏலக்காய்க் காட்டில் பாதி ஆயுளைக் கழித்தவர் நீங்கள். செடியிலேயே பழுக்கவிட்ட காயை ஸ்டோரில் போட்டுச் சூடு காட்டினால் என்ன ஆகும்? வெடிக்கும். பச்சை நிறம் போகும். ஏலத்தில் விலை நிற்காது. பிஞ்சாக எடுத்தால் காய்ந்து சுருங்கிப் போகும். முற்றியிருக்க வேண்டும், ஆனால் பழுத்திருக்கக் கூடாது. உள்ளே விதை கறுத்து, காரமும் மணமும் ஏறி, மேலே தோல் பச்சையாக இறுகி நிற்கிற அந்தப் பதத்தில் கிள்ளி எடுப்பதற்குத்தான் காய் எடுக்கிற பெண்களுக்குக் கைப்பழக்கம் வேண்டும் என்கிறோம். ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ தேறும். சுண்டுவது தண்ணீர் மட்டும்தான். காரம் அப்படியே நிற்கும், இன்னும் செறிவாக நிற்கும். காரம் போன காயை எடுத்துக்கொண்டு வந்து 'நல்ல பக்குவம்' என்று எவனாவது போடி ஏல மையத்தில் சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். பாட்டுக்கு மட்டும் ஏன் வேறு கணக்கு?

நான் அந்தத் தொகுப்பை மூன்று முறை கேட்டேன். சொல்லின் வேகம் குறைந்திருக்கிறது, உண்மை. வாத்தியங்களுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மெட்டு வந்திருக்கிறது, நாட்டுப்புறக் குரல் வந்திருக்கிறது. ஆனால் சங்கதி எங்கே மாறியது? முன்பு 'ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்டவர், இப்போது 'நாங்கள் யார், எங்கிருந்து வந்தோம்' என்று பாட்டியின் பெயரை முகப்பில் எழுதி வைத்துச் சொல்கிறார். கேள்வியைவிடச் சாட்சியம் கனமானது. கேள்விக்கு நீங்கள் காதைப் பொத்திக்கொள்ளலாம். சாட்சியம் பதிவேட்டில் ஏறிவிடும்.

இந்தப் 'பக்குவமாகப் பேசு' என்கிற புத்திமதி யாருக்குச் சொல்லப்படுகிறது என்று பள்ளிக்கூடத்தில் இருந்தவரைக்கும் கவனித்து வந்திருக்கிறேன். தோப்பும் காடும் உள்ள வீட்டுப் பையன் எழுந்து நின்று சத்தமாகக் கேட்டால், 'தைரியமான பிள்ளை, வக்கீலுக்குப் படிக்க வைக்கலாம்' என்பார்கள். விடிகாலை ஜீப்பில் நெருக்கியடித்து மெட்டு ஏறுகிற அம்மாவின் பிள்ளை அதே கேள்வியை அதே குரலில் கேட்டால், 'திமிர், கொஞ்சம் பக்குவம் வேணும்' என்பார்கள். குரலின் அளவு ஒன்றுதான். அளக்கிற படிதான் வேறு. அந்தப் பிள்ளைகளில் சிலர் இந்தப் பதிவைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்னொன்றும் கேட்கிறேன். நம் மாவட்டத்துப் பண்ணைப்புரத்தைப் பற்றிப் பெருமை பேசாத நாள் உண்டா நமக்கு? நம் மலைக்கு அந்தப் பக்கம் தேவிகுளத்தில் 1958ல் இடைத்தேர்தல் நடந்தது. கம்யூனிஸ்ட் கட்சி வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தோட்டத் தொழிலாளிகள் மத்தியில் தமிழில் பாட்டுக் கட்டிப் பாடியவர் பாவலர் வரதராஜன். ரோசம்மா ஜெயித்தார். அது மென்மையான பாட்டா? முதலாளியை நேருக்கு நேர் கேட்ட பாட்டு. அந்த அண்ணனின் ஆர்மோனியத்துக்குப் பக்கத்தில் வளர்ந்த தம்பிதான் 1976ல் 'அன்னக்கிளி'க்கு இசை போட்டு, 1986ல் 'ஹவ் டு நேம் இட்?' என்று தனித் தொகுப்புக் கொடுத்து, 2025 மார்ச்சில் லண்டனில் சிம்பொனி அரங்கேற்றினார். கட்சி மேடையிலிருந்து சிம்பொனி வரை போனதை வளர்ச்சி என்கிறோம். நானும் அப்படித்தான் சொல்கிறேன், தலை நிமிர்ந்து சொல்கிறேன். அரக்கோணத்துப் பையன் ஒரு படி ஏறினால் மட்டும் அதற்கு ஏன் 'அடங்கிவிட்டான்' என்று பெயர் வைக்கிறோம்?

அடுத்து, விலை போய்விட்டார் என்று எழுதிய என் மாணவத் தம்பிக்கு.

தம்பி, நீ அமெரிக்க ஹார்ட்கோர் பங்க் இசை கேட்பவன். எனக்கே நீதான் அனுப்பி வைத்தாய், என் காது ஒரு வாரம் ரீங்காரம் போட்டது. அங்கேயும் இதே சண்டை நடந்திருக்கிறது, உனக்குத் தெரியும். ஒரு நிமிஷப் பாட்டு, இடி மாதிரி அடி என்று இருந்த 'பிளாக் ஃப்ளாக்' குழு, 1984ல் 'மை வார்' தொகுப்பின் இரண்டாம் பக்கத்தை ஆமை வேகத்துக்குக் கொண்டுவந்தது. மூன்றே பாட்டு, ஒவ்வொன்றும் ஆறு நிமிஷத்துக்கு மேல். பழைய ரசிகர்கள் கடுப்பானார்கள். வாஷிங்டனில் 'மைனர் த்ரெட்' என்ற குழுவில் தொண்டை கிழியக் கத்திய இயன் மெக்கே, பிறகு 'ஃபுகாஸி' என்ற குழுவைத் தொடங்கினார். வேகம் குறைந்தது, ரெகே இசையின் சாயல் வந்தது, பாட்டுக்கு நடுவே மௌனம் வந்தது. ஆனால் கச்சேரி டிக்கெட்டை ஐந்து டாலர் அளவிலேயே வைத்திருந்தார்கள். பெரிய கம்பெனி எதற்கும் போகாமல் தங்கள் சொந்த நிறுவனத்திலேயே தொகுப்புகளைப் போட்டார்கள். விலை போனவர்கள் செய்கிற வேலையா அது?

ஆகையால் ஒருவர் விலை போனாரா என்று பார்க்கப் பாட்டின் வேகத்தை அளக்காதே. யார் பக்கம் நின்று பாடுகிறார், யார் பெயரை மறக்காமல் சொல்கிறார் என்று பார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் 'எஞ்சாய் எஞ்சாமி' பாடப்பட்டபோது அறிவு அந்த மேடையில் இல்லை. அந்தப் பாட்டில் தன் பங்கு என்ன என்று அவர் பகிரங்கமாக எழுதினார், இசையமைப்பாளர் தன் பக்கத்தைச் சொன்னார். அதில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்தப் பாட்டின் மூலம் தங்களுக்கு ஒரு பைசாகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே 2024 மார்ச்சில் சொன்னார். தோட்டம் போட்டவருக்குப் பங்கில்லை என்று பாடிய பாட்டுக்கே அந்த கதி. இத்தனைக்கும் பிறகு ஒருவர் பாட்டியின் பெயரைப் பிடித்துக்கொண்டு, தானே ஒரு குழுவைச் சேர்த்து மறுபடி தொடங்குகிறார். இதைப் பார்த்து 'சூடு ஆறிவிட்டது' என்று உட்கார்ந்த இடத்திலிருந்து மார்க் போடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நீ கேட்பது வேறு, தம்பி. அவர் உனக்காக ஆயுசு முழுக்க அதே உச்சத்தில் கத்த வேண்டும், நீ இயர்போனில் கேட்டுவிட்டு ஆபீஸ் போக வேண்டும். கோபப்படுகிற வேலையையும் அவருக்கே கூலிக்கு விட்டுவிட்டாய். அவருக்கும் வயது ஏறும், தொண்டை மாறும், கற்பனை விரியும். அழவும் கொஞ்சவும் தாலாட்டவும் அவருக்கு உரிமை உண்டு. காதலைப் பற்றி எல்லாக் கவிஞரும் பாடலாம், இவர் மட்டும் காயத்தைப் பற்றியே பாட வேண்டும் என்றால் அதுவும் ஒரு விலங்குதான். முற்போக்கு பேசுகிற கை பூட்டினாலும் விலங்கு விலங்குதான்.

கடைசியாக எல்லோருக்கும். 'தெருக்குரல்' தொகுப்பையும் 'வள்ளியம்மா பேராண்டி' தொகுப்பையும் ஒரே நாளில் வரிசையாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் வீட்டில் உயிரோடு இருக்கும் அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோ நான்கு கேள்வி கேளுங்கள். எந்த மலைக்கு வேலைக்குப் போனாய்? என்ன கூலி வாங்கினாய்? கங்காணி உன்னை எப்படிக் கூப்பிட்டான்? காய் எடுக்கும்போது என்ன பாடினீர்கள்? சிலமலையிலும் சுற்று ஊர்களிலும் அந்தப் பாட்டு தெரிந்த கிழவிகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகிறார்கள். பதிந்து வையுங்கள், போன் எல்லோர் கையிலும்தான் இருக்கிறது. நமக்குள் ஒரு வள்ளியம்மா பேராண்டி இல்லாமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று நான் நம்பமாட்டேன். பேச வாயெடுத்த பிள்ளைகளைப் 'பக்குவம், பக்குவம்' என்றே உட்கார வைத்துவிட்டோம்.

மச்சான், கோபித்துக்கொள்ள வேண்டாம். பதில் இருந்தால் குழுவிலேயே எழுதுங்கள், தனியாகப் போன் போட வேண்டாம். எல்லோரும் படிக்கட்டும். மாணவர்களே, 'அருமை சார்' என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நான் சொன்னதில் எங்கே தப்பு என்று எழுதுங்கள். பழைய கணக்குப்படி, காரணத்தோடு எழுதினால்தான் முழு மதிப்பெண்.

அன்புடன்,
உங்கள் பழைய வாத்தியார்,
சிலமலை