போன் இன்டர்வியூவா? அந்த மனப்பாடப் பத்தியை முதல்ல தூக்கிப் போடுங்க!

‘மைசெல்ஃப்’ என்று தொடங்கும். ஊர், அப்பாவின் தொழில், அம்மா ஹோம் மேக்கர், ஹாபி பாட்டு கேட்பது என்று போகும். ‘ஐ ஆம் எ ஹார்ட் ஒர்க்கர்’ என்று முடியும். இந்த ‘செல்ஃப் இன்ட்ரோ’ பத்தி, சீனியரிடமிருந்து ஜூனியருக்கு என்று தமிழ்நாட்டின் கல்லூரி ஹாஸ்டல்களில் கைமாறிக்கொண்டே இருக்கிறது. பெரிய நிறுவனங்களின் போன் இன்டர்வியூவில் சறுக்கியவர்கள், ‘எனக்கு இங்கிலீஷ் வராதுங்க’ என்று ஆங்கிலத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள். என்னைக் கேட்டால், முதல் குற்றவாளி இந்தப் பத்திதான்.

நேரில் என்றால் சிரித்துச் சமாளிக்கலாம். போனில் குரல் மட்டும்தான். மனப்பாடம் செய்தது மூச்சுவிடாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல் வரும். கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். நடுவில் ஒரு கேள்வி விழுந்தால், அடுத்த வரி மறந்தே போகும்.

எதைப் பார்க்கிறார்கள்?

ஃப்ரெஷர்களுக்கான முதல் போன் சுற்று பெரும்பாலும் ஒரு சல்லடை. ரெஸ்யூமில் இருப்பதும் நீங்கள் சொல்வதும் ஒத்துப்போகிறதா, கேள்வியைப் புரிந்துகொண்டு பதில் சொல்கிறீர்களா, வேறு ஊருக்குப் போவீர்களா, நைட் ஷிஃப்ட் ஓகேவா, அரியர் இருக்கிறதா, எப்போது சேர முடியும்? சில நிறுவனங்கள் பாடத்திலிருந்து அடிப்படைக் கேள்விகளையும் கேட்கும். இதில் எதற்கும் ஹாஸ்டல் பத்தியில் பதில் இல்லை.

அதற்குப் பதிலாக என்ன சொல்லலாம்?

என்ன படித்தேன், என்ன செய்தேன், இந்த வேலை ஏன் வேண்டும். மூன்றும் சேர்ந்து ஒரு நிமிடம் போதும். இதில் கனமானது இரண்டாவது. உதாரணத்துக்கு, கல்லூரி பஸ் எங்கே வருகிறது என்று காட்டும் ஆப்தான் உங்கள் ப்ராஜெக்ட் என்று வைத்துக்கொள்வோம். ‘நாங்க 4 பேர் சேர்ந்து ஒரு ஆப் பண்ணினோம்’ என்றால், ‘அதில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்பதுதான் அடுத்த கேள்வி. ‘லொகேஷன் தாமதமாக வந்தது. காரணத்தைத் தேடி, தகவல் அனுப்பும் முறையை நான் மாற்றினேன். பிறகு சரியாக வந்தது’ என்று சிக்கல், உங்கள் வேலை, விளைவு என வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். உங்கள் கை பட்ட விஷயம் என்பதால் ஆங்கிலம் தடுமாறினாலும் பேச்சு நிற்காது.

‘எங்கள் நிறுவனம் ஏன்?’ என்று கேட்டால், ‘ரொம்பப் பெரிய கம்பெனி சார்’ என்பது பதில் ஆகாது. அவர்களின் இணையதளத்தில் வேலை விவரத்தையும் சமீபத்திய அறிவிப்பு ஒன்றையும் படித்துவிட்டு, உங்கள் படிப்போடு அது எங்கே சேர்கிறது என்று சொல்லுங்கள்.

போன் தரும் சலுகை

எதிரில் ஆள் இல்லை என்பதால் ரெஸ்யூமையும் குறிப்புகளையும் முன்னால் வைத்துக்கொள்ளலாம். ஒரு பதிலுக்கு நாலு சொல் மட்டும் எழுதுங்கள். முழு வாக்கியம் எழுதினால் வாசிக்கத்தான் தோன்றும். கேள்வி புரியவில்லையா? ‘குட் யூ ப்ளீஸ் ரிப்பீட் தட்?’ என்று கேட்பது தப்பே இல்லை. புரியாமல் வேறு எதையோ சொல்வதுதான் ஆபத்து.

பயிற்சிக்கு, நண்பரை நிஜமாகவே போனில் அழைக்கச் சொல்லி ரெக்கார்ட் செய்து கேளுங்கள். எங்கே வேகமாக ஓடுகிறோம் என்பது அப்போதுதான் தெரியும்.

எல்லோருக்கும் தனி அறை இருக்காது. குக்கர் விசில் கேட்காத, சிக்னல் கிடைக்கும் இடத்தை முந்தைய நாளே பார்த்து வையுங்கள். விண்ணப்பித்திருக்கும் நாட்களில் தெரியாத எண்களையும் எடுங்கள். பஸ்ஸில் இருந்தால் அதைச் சொல்லி, வேறு நேரம் கேட்கலாம்.

ஆனால், வேலைக்கு ‘டெபாசிட்’, ‘ட்ரெய்னிங் ஃபீஸ்’ என்று பணம் கேட்டால் உஷார். பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொன்னாலும் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை

குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால், இந்த அழைப்பு எப்படி இருக்கும் என்று சொல்லித்தர வீட்டில் ஆள் இருக்காது. அவர்கள் நம்புவது கல்லூரியைத்தான். அங்கேயும் கையில் கிடைப்பது அதே பத்தி என்றால் எப்படி? 2022-ல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் திறன் பயிற்சிகள் கிடைக்கின்றன. ஆனால், ஒரு மாணவரின் ப்ராஜெக்ட்டை அவர் சொந்த வார்த்தைகளில் சொல்லவைக்கும் வேலை, அவரை அறிந்த துறை ஆசிரியருடையது. இறுதியாண்டில் ஒவ்வொருவருக்கும் 10 நிமிடம் ஒரு மாதிரி போன் இன்டர்வியூ நடத்தலாமே! அதற்குத் தேவை ஒரு போனும் கொஞ்சம் பொறுமையும்தான்.