ஹயாவைக் காட்டி எம் பெண்களைத் தடுக்காதீர்கள்



எங்கள் மஹல்லாவின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற வாரம் ஒரு சகோதரி ஒரு செய்தியைப் பகிர்ந்தார். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனைக்குப் பெண் தன் வீட்டிலேயே, கதவை அடைத்துக்கொண்டு, தானே மாதிரி எடுத்து ஆய்வகத்திற்கு அனுப்பலாம் என்பதே அச்செய்தி. அரை மணி நேரத்திற்குள் ஒரு சகோதரரின் குரல் பதிவு வந்தது. ஹயா உள்ள முஸ்லிம் பெண் இதைப் பற்றிப் பேசவே மாட்டாளாம். கணவனுக்கு உண்மையாக இருப்பவளுக்கு இந்நோய் வரவே வராதாம். இது மேற்கத்தியர் விற்கும் சரக்காம். செய்தி நீக்கப்பட்டது, அச்சகோதரி மன்னிப்பும் கேட்டார். அவர் மன்னிப்புக் கேட்டதுதான் என்னை எழுத வைத்தது.

அந்தச் சகோதரர் அப்பரிசோதனை என்னவென்று கேட்டறிந்துவிட்டுப் பேசியிருக்கலாம். இந்நோய் ஏறத்தாழ முழுவதும் எச்.பி.வி. என்னும் வைரஸால் வருகிறது. இத்தொடர்பைக் கண்டறிந்ததற்காக ஜெர்மானிய மருத்துவர் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. வைரஸ் உள்ளே புகுந்த உடனே புற்றுநோய் வந்துவிடுவதில்லை. பெரும்பாலோருக்கு ஓரிரு ஆண்டுகளில் அது தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்குவோரில் சிலருக்குப் பொதுவாக 15 முதல் 20 ஆண்டுகள் கழித்தே புற்றாக மாறுகிறது. இத்தனை ஆண்டு அவகாசத்தை அல்லாஹ் தந்திருக்கிறான். அதற்குள் கண்டறிந்தால் புற்று உருவாகுமுன்பே தடுத்துவிடலாம். மென்மையான ஒரு பஞ்சுக் குச்சியையோ சிறு தூரிகையையோ பிறப்புறுப்பினுள் செலுத்திச் சில விநாடிகள் சுழற்றி, குழாயில் இட்டு மூடினால் பெண்ணின் வேலை முடிந்தது. 30 வயது முதல் 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை செய்யுமாறும், அதற்குப் பெண் தானே எடுத்த மாதிரியையும் பயன்படுத்தலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் வழிகாட்டியது.

இதில் அவ்ரத்தை எவர் பார்க்கிறார்? பெண் மருத்துவர்கூடப் பார்ப்பதில்லை. இதைவிட ஹயாவுக்கு நெருக்கமான ஒரு பரிசோதனையை என்னால் எண்ணிப் பார்க்க இயலவில்லை. ஹயா ஈமானின் ஒரு கிளை என்று கற்பித்த அதே நபி (ஸல்) அவர்களிடம்தான் உம்மு சுலைம் (ரலி) அவர்கள் சென்று, உறக்கத்தில் பெண்ணுக்கு ஏற்படும் நிலைக்குக் குளிப்பு கடமையா என்று நேரடியாகக் கேட்டார்கள். அவரை எவரும் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை.

இரண்டாவது பேச்சு இதைவிடக் கொடியது. தாம்பத்திய உறவில் உள்ள பெரும்பாலோரை வாழ்வில் ஒருமுறையேனும் இவ்வைரஸ் தொடுகிறது. அது எப்போது வந்தது, எவரிடமிருந்து வந்தது என்று எந்த ஆய்வகத்தாலும் சொல்ல முடியாது. கணவனிடமிருந்து மனைவிக்கு வந்திருக்கலாம். முந்தைய நிகாஹ்விலிருந்து வந்திருக்கலாம். பல்லாண்டுகள் ஓசையின்றிக் கிடந்திருக்கலாம். இதை வைத்து ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை அளப்பவர் சூரா அந்நூரைத் திறந்து பார்க்கட்டும். பத்தினிப் பெண்கள் மீது பழி சுமத்திவிட்டு நான்கு சாட்சிகளைக் கொண்டுவராதவருக்கு 80 கசையடி அங்கே விதிக்கப்பட்டிருக்கிறது. ஆய்வக அறிக்கையை அங்கே எவரும் சாட்சியாக்கவில்லை.

அந்தச் சகோதரரை மட்டும் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. மதரசாவில் பெண்களுக்கு ஹைளு, இஸ்திஹாளா பாடங்களை நடத்துபவள் நான். ஆண்டுதோறும் பெண்கள் தனியே வந்து தயங்கித் தயங்கிக் கேட்பார்கள்: "உஸ்தாதா, மாதவிடாய் நின்று நான்கு வருடமாகிறது, மறுபடியும் இரத்தம் படுகிறது, தொழலாமா?" நானும் கிதாபில் உள்ளபடி, அது இஸ்திஹாளா, சுத்தம் செய்து ஒவ்வொரு தொழுகைக்கும் ஒளு எடுத்துத் தொழுங்கள் என்று கூறி அனுப்பியிருக்கிறேன். மஸ்அலா சரிதான். ஆனால் மாதவிடாய் நின்றபின் வரும் இரத்தம் புற்றின் அறிகுறியாக இருக்கலாம் என்பதையும், உடனே மருத்துவரைப் பாருங்கள் என்பதையும் நான் பல ஆண்டுகள் சொன்னதே இல்லை. அப்படித் தொழுகையின் சட்டத்தை மட்டும் பெற்றுச் சென்ற ஒரு தாய், இரண்டாம் ஆண்டில் மூன்றாம் கட்டப் புற்றோடு மருத்துவமனையில் கிடந்தார். அவருடைய மகள் என் மாணவி. ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) தம் தொடர் உதிரப்போக்கைப் பற்றிக் கேட்டபோது, அது ஹைளு அல்ல, ஒரு நாளத்திலிருந்து வருவது என்று நபி (ஸல்) அவர்கள் உடலின் காரணத்தையே முதலில் விளக்கினார்கள். அந்த ஹதீஸை ஆண்டுதோறும் நடத்திய எனக்கு அது உறைக்கவில்லை.

ஆகவே தெளிவாகக் கூறுகிறேன். இரத்தப்போக்கு, உறவுக்குப் பின் இரத்தம், துர்நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் ஆகியவை உள்ளவர் வீட்டுப் பரிசோதனைக்குக் காத்திருக்கலாகாது. நேரே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டு மாதிரி, அறிகுறி ஏதுமில்லாத பெண்களுக்கானது. முடிவில் வைரஸ் இருப்பதாக வந்தால் அது புற்றுநோய் என்று பொருளல்ல. ஆனால் அடுத்த கட்டத்திற்கு மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். அங்கே பெண் மருத்துவரைக் கேளுங்கள். கிடைக்காவிடில் தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதையும் நம் ஃபிக்ஹ் நூல்கள் அனுமதிக்கின்றன.

மாதிரி எடுத்தால் ஒளு முறியும், குளிப்பு கடமையாகாது. ஷாஃபிஈ மத்ஹபில் நோன்பு முறியும் என்பதால் நோன்பு நாளில் இஃப்தாருக்குப் பின் எடுத்துக்கொள்ளுங்கள். ஹைளு நாட்களில் எடுக்க வேண்டாம்.

மேற்கத்தியர் சரக்கு என்போருக்கு: மலேசியாவில் மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றோடு இணைந்து 2018இல் தொடங்கிய 'ரோஸ்' திட்டத்தில் பெண்கள் தாங்களே மாதிரி எடுக்கிறார்கள், முடிவு கைப்பேசிக்கு வருகிறது. அது முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு. நம் நாட்டிலேயே, மகாராஷ்டிராவின் ஒஸ்மானாபாத் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடம் நடந்த ஆய்வு 2009இல் வெளியானது. ஒரே ஒருமுறை எச்.பி.வி. பரிசோதனை வாய்ப்புப் பெற்ற ஊர்களில் இந்நோயால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தன. அங்கே மாதிரியைச் சுகாதாரப் பணியாளர்களே எடுத்தார்கள். அந்த மேசையில் படுக்க மறுப்பவர்களுக்காகத்தான் இப்போது குச்சி வீட்டுக்கு வருகிறது.

மறுப்பவர்கள் எத்தனை பேர்? 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுப் பெண்களில் 100க்கு 2 பேர்கூட இப்பரிசோதனையை ஒருமுறையும் செய்ததில்லை. தமிழகத்தில் சுமார் 10 பேர். நாம் முன்னணியில் இருக்கிறோம் என்று மகிழ்வோர் மீதி 90 பேரை எண்ணிப் பார்க்கட்டும். 2022இல் மட்டும் இந்நோய் நம் நாட்டில் ஏறத்தாழ 80,000 பெண்களைக் கொண்டுசென்றது.

இரத்ததான முகாம் நடத்துவதில் நம் ஜமாஅத்துகளுக்கு நிகரில்லை. கண் முகாமும் சர்க்கரை நோய் முகாமும் பள்ளிவாசல் மண்டபங்களில் நடக்கின்றன. அதே மண்டபத்தில், பெண்கள் பயான் நடக்கும் ஒரு நாளில், ஒரு பெண் மருத்துவரை அழைத்து இதை விளக்கச் செய்வதற்கு என்ன தடை? சில தனியார் ஆய்வகங்களில் கிடைக்கும் இந்த உறையை ஏழைச் சகோதரிகளுக்கு வாங்கித் தர பைத்துல்மால் பொறுப்பாளர்கள் ஆலோசிக்கக்கூடாதா? இதை நம் மஹல்லா நிர்வாகத்திடம் எழுத்து மூலமாகவே கேட்டிருக்கிறேன்.

அந்தச் சகோதரியின் செய்தியையும் நேற்று அதே குழுவில் என் பெயரில் மறுபடி பதிவிட்டுள்ளேன். இன்று ஃபஜ்ருக்குப் பின் ஏழு பெண்கள் தனியாக அழைத்து, அந்தக் குச்சி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள்.