வாங்குபவர் முகம் பதாகையில் எங்கே?

2025 டிசம்பரில் நியூயார்க்கின் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ஷனேல் நிறுவனம் ஆடை அணிவகுப்பு நடத்தியது. அதில் முதல் ஆளாக நடந்து வந்தவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பவிதா மண்டவா. ஷனேல் அணிவகுப்பை இந்தியப் பெண் ஒருவர் தொடங்கிவைத்தது அதுவே முதல் முறை. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, புதுச்சேரித் தமிழ்க் குடும்பத்தின் வழிவந்த ஆஷ்லி ராஜாராம் பிராடாவின் மேடையேறிவிட்டார். பாரிஸும் மிலானும் இன்று தேடிப் பிடிப்பது நம் பக்கத்துப் பெண்களின் நிறத்தை.

தஞ்சாவூர் காந்திஜி சாலையிலோ கும்பகோணம் பெரிய தெருவிலோ நின்று அண்ணாந்து பார்த்தால் கதையே வேறு. துணிக்கடை, நகைக்கடைப் பதாகைகளில் பெரும்பாலும் வடக்கிலிருந்து அழைத்து வரப்பட்ட சிவந்த முகங்கள்தாம். கொஞ்சம் மாநிறமாக இருந்தாலும் கணினியில் வெளுத்துவிடுகிறார்கள். கடை வாசலில் சேலை சுற்றி நிற்கும் பொம்மைக்குக்கூட ரோஸ் நிறம். உள்ளே சேலை பார்ப்பவர்கள் யார்? சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில் ஏறியதும், கல்யாண ஜவுளி எடுக்க ஒரத்தநாட்டிலிருந்தும் திருவையாற்றிலிருந்தும் வேன் பிடித்து வந்த குடும்பங்கள். அந்தக் குடும்பங்களின் பெண்களைப் போல ஒருவர்கூட அந்தப் பதாகைகளில் இல்லை.

வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் திடீரென்று நியாய உணர்ச்சி பொங்கிவிட்டது என்று நாம் நம்பவில்லை. 1971-லேயே பியர் கார்டினின் பாரிஸ் நிறுவனத்துக்கு மும்பையிலிருந்து அஞ்சலி மெண்டிஸ் மாடலாகப் போனார். ஆனாலும் அதன் பிறகு பல ஆண்டுகளுக்கு ஆசிய முகம் என்பது மேடையில் ஓர் அபூர்வக் காட்சிப் பொருளாகவே இருந்தது. சீனாவில் விலை உயர்ந்த பொருள்களை வாங்கும் கூட்டம் பெருகிய பிறகுதான் நிலைமை மாறியது; 2010-ல் எஸ்டீ லாடர் சீன மாடல் லியு வென்னைத் தன் விளம்பர முகமாக்கியது. காசு வந்த திசையில் கேமராவும் திரும்பியது, அவ்வளவுதான். அந்தக் கணக்குப்படி பார்த்தாலும் நம் கடைக்காரர்கள்தாம் முதலில் திரும்பியிருக்க வேண்டும். அவர்களுடைய வாடிக்கையாளர் கடை திறந்த நாள் முதல் டெல்டாப் பெண்தானே!

“ஜனங்கள் விரும்புவதைத்தான் போடுகிறோம்” என்பது வியாபாரிகள் வழக்கமாகச் சொல்லும் பதில். அந்த விருப்பம் தானாக முளைத்ததல்ல. மாப்பிள்ளை வீட்டாரின் ‘சிவப்பான பெண்’ தேடல் பழையது. அதைச் சரக்காக்கி வீடு வீடாக விற்றது விளம்பரம். 1975-ல் சந்தைக்கு வந்த ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகு க்ரீம், 45 ஆண்டுகள் அந்தப் பாடத்தை நடத்திவிட்டு, உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பிய 2020-ல்தான் பெயரை மாற்றிக்கொண்டது. பாடத்தின் பலனைக் கல்யாண மேடைகளில் காணலாம்: மணப்பெண்ணின் முகம் ஒரு நிறம், மருதாணி இட்ட கை வேறு நிறம். கடையிலும் இதே கதைதான். தோளில் சேலையை விரித்துக் காட்டும் விற்பனையாளர், “இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதும்மா” என்று கூசாமல் சொல்கிறார். அரக்கும் மாம்பழ மஞ்சளும் கருத்த உடலில் எப்படி ஒளிரும் என்று காட்ட அவருடைய கடையில் ஒரு படம்கூட இல்லை. இது வியாபாரத்துக்கும் நஷ்டம்தான்.

சட்டதிட்டத்தால் மட்டும் இது தீராது. கருத்த நிறத்தை இழிவாகக் காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014-ல் விதி வகுத்தது. இழிவாகக் காட்டினால் புகார் செய்யலாம். காட்டாமலே விட்டால் யாரிடம் முறையிடுவது?

எனவே, அரசின் கையில் இருக்கும் இடத்திலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம். 1935-ல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும், 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற திருபுவனம் பட்டை விற்கும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கமும் அரசின் கைத்தறித் துறைக்குக் கட்டுப்பட்டவை. நெய்தவரின் படத்தைச் சேலையோடு இணைத்து விற்றுக் காட்டிய பெருமை கோ-ஆப்டெக்ஸுக்கு உண்டு. நெய்தவர் முகத்தைக் காட்டத் தெரிந்தவர்களுக்கு உடுத்துபவர் முகத்தைக் காட்டுவது பெரிய காரியமல்ல. இந்த ஊர்ப் பெண்களையே மாடலாக்க வேண்டும். படத்தில் நிறத்தை வெளுக்கக் கூடாது. அவர்கள் பெயரை அச்சிட வேண்டும். கூலியை எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக் கொடுக்க வேண்டும்.

பெயரும் கூலியும் ஏன் என்று கேட்பவர்கள் தஞ்சைப் பெரிய கோயில் வரை நடந்து போய் வரலாம். கோயிலில் ஆடிய சுமார் 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், குடியிருந்த தெருச் சிறகு, வீட்டின் வரிசை, ஆளுக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் என்ற பங்கு எல்லாவற்றையும் ராஜராஜன் கல்லில் வெட்டி வைத்தான். கோயிலுக்குப் பெண்களைக் கொண்டுவந்து குடியமர்த்திய அந்த ஏற்பாட்டை நாம் போற்ற வேண்டியதில்லை. ஆனால், ஆடியவர் இன்னார், அவருக்குச் சேர வேண்டியது இவ்வளவு என்று பதிந்து வைக்கும் ஒழுங்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த ஊரில் இருந்தது. இன்று முப்பதடிப் பதாகையில் நிற்கும் பெண்ணின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

நெசவாளி கூலிக்கு அல்லாடும்போது மாடலின் நிறமா பெரிது என்று சிலர் கேட்கக்கூடும். நெசவாளி வீட்டுப் பெண்ணும் அதே நிறம்தான். தான் நெய்த சேலை தனக்குப் பொருந்தாது என்று அவளை நம்பவைப்பதும் சுரண்டலில் சேர்த்திதான். கைத்தறித் துறை வரும் தீபாவளி விளம்பரத்திலேயே இதைச் செய்து காட்டட்டும். தன் கடையில் செய்யாததைத் தனியார் கடையிடம் கேட்க அரசுக்கு நாக்கு எழாது.