விண்வெளியில குளிருமா, வேர்க்குமா?

அறிவியல் புனைகதை எழுதற நம்ம மக்கள் எல்லாருக்கும் ஒரு காட்சி ரொம்பப் பிடிக்கும். விண்கலத்தை விட்டு வெளியில விழுந்தவன் ரெண்டே செகண்ட்ல ஐஸ்கட்டி ஆயிடுவான். 'மிஷன் டு மார்ஸ்' (2000) படத்துலயும் இதே கூத்துதான். ஹெல்மெட்டைக் கழட்டினதும் முகம் உறைஞ்சு போயிடும்.

எனக்கு இதுல உடன்பாடில்லை. பள்ளிக்கூடத்துல கடத்தல், சலனம், கதிர்வீச்சுன்னு உருப்போட்டோமே, ஞாபகம் இருக்கா? வெற்றிடத்துல முதல் ரெண்டுக்கும் வேலையே கிடையாது. பிளாஸ்க்ல காபி ஆறாம இருக்கற அதே கதைதான். நாக்கு, கண்ணுல இருக்கற ஈரம் ஆவியாகி அந்த இடம் மட்டும் சட்டுன்னு குளிரும். மத்தபடி உடம்புச் சூடு கதிர்வீச்சா மெதுவாத்தான் போகும். முழுசா உறைய பல மணி நேரம் ஆகும். ஆளு அதுக்கு ரொம்ப முன்னாடியே, பத்து பதினஞ்சு செகண்ட்ல, ஆக்சிஜன் இல்லாம மயங்கியிருப்பான்.

விண்வெளி உடை போட்டிருந்தா பிரச்சினையே தலைகீழ். உடம்பு உண்டாக்கற சூடு வெளிய போக வழியில்லை. 1966 ஜூன்ல ஜெமினி 9ஏ கலத்துல இருந்து வெளிய வந்த யூஜின் செர்னனுக்கு அதுதான் நடந்துச்சு. அவர் உடையைக் குளிர வைக்க வெறும் காத்து மட்டும்தான். வேர்த்து விறுவிறுத்து, முகக்கண்ணாடி ஆவி படிஞ்சு மறைஞ்சு, இதயத்துடிப்பு 150-ஐத் தாண்டி, வேலையைப் பாதியில விட்டுட்டுத் திரும்பினார். அதுக்கப்புறம் நிலவுல நடந்தவங்க உள்ளாடையில தண்ணி ஓடற குழாய்கள் வந்துச்சு. விண்வெளி நிலையத்துல நாசா பயன்படுத்தற உடையில அந்தக் குழாய் சுமார் 90 மீட்டர் நீளம்!

ஆகவே மக்களே, அடுத்த கதையில ஹீரோவை உறைய வைக்காதீங்க. அந்தத் தண்ணிக் குழாயை அடைச்சு வேர்க்க விடுங்க. நிஜமான பயம் அங்கதான் இருக்கு. என்ன சொல்றீங்க?