டாக்டர் லீவு போட்டா ஊரே லீவா?



உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கடைசியா எப்போ போனீங்க? போனப்போ டாக்டர் இருந்தாரா? இருந்தார்னா, அவர் அந்த பி.எச்.சி.க்கே நியமிக்கப்பட்டவரா, இல்ல பக்கத்து பி.எச்.சி.யில இருந்து வாரத்துல ரெண்டு மூணு நாள் வந்து போறவரா?

பல பேருக்கு இதுக்குப் பதில் தெரியாது. "டாக்டரம்மாவுக்கு இன்னிக்கு வேற இடத்துல டூட்டி, நர்ஸம்மாகிட்ட மாத்திரை வாங்கிட்டுப் போங்க"ன்னு சொன்னா, நாமளும் சரின்னு திரும்பி வந்துடுறோம். அந்த 'வேற இடத்துல டூட்டி'க்குப் பின்னாடி என்ன இருக்குன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு. அஞ்சு நிமிஷம் ஒதுக்கிப் படிங்க.

முதல்ல நியாயமா ஒண்ணைச் சொல்லிடுவோம். தமிழ்நாட்டின் பொது சுகாதாரக் கட்டமைப்பு சும்மா வந்தது இல்ல. 1939லயே பொது சுகாதாரத்துக்குத் தனிச் சட்டம் போட்ட மாகாணம் இது. இன்னிக்கு நம்ம மாநிலத்துல 99 சதவீதத்துக்கும் மேலான பிரசவங்கள் மருத்துவமனையிலதான் நடக்குது. எந்தக் கட்சி ஆட்சியில இருந்தாலும் இதைக் கட்டிக் காத்தவங்க கிராம சுகாதார செவிலியர்களும், நர்ஸுகளும், பி.எச்.சி. டாக்டர்களும்தான். அதனால இந்தப் பதிவு அவங்களுக்கு எதிரானது கிடையாது. அவங்களை ஓட ஓட விரட்டுற நிர்வாகத்துக்கு எதிரானது.

இப்போ விஷயத்துக்கு வருவோம்.

விதிப்படி சமவெளியில 30,000 பேருக்கு ஒரு பி.எச்.சி. மலைப்பகுதி, பழங்குடிப் பகுதின்னா 20,000 பேருக்கு ஒண்ணு. சின்ன பி.எச்.சி.யில பெரும்பாலும் ரெண்டு டாக்டர் பணியிடம்தான் இருக்கும். அதுல ஒருத்தர் இல்லாமப் போக என்னென்ன காரணம்?

ஒண்ணு, மகப்பேறு விடுப்பு. அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையில இருந்து 12 மாசம். கொடுக்க வேண்டிய உரிமை, கொடுத்தே ஆகணும்.

ரெண்டு, மேற்படிப்பு. அரசு டாக்டர் எம்.டி., எம்.எஸ். சேர்ந்தா மூணு வருஷம் அந்த ஊருக்கு வர மாட்டார்.

மூணு, மாற்றுப் பணி. முகாம், பயிற்சி, கோர்ட்டில் சாட்சி, பிரேதப் பரிசோதனை, பெரிய ஆஸ்பத்திரியில ஆள் பற்றாக்குறை. எதுவா இருந்தாலும் முதல்ல இழுக்கப்படுறது கிராமத்து டாக்டர்தான்.

இந்த மூணையும் இன்னொரு தடவை படிச்சுப் பாருங்க. இதுல எதிர்பாராத விபத்து எது? மகப்பேறு விடுப்பு பல மாசத்துக்கு முன்னாடியே தெரியும். மேற்படிப்புக்கு யார் யார் போறாங்கன்னு கலந்தாய்வு முடிஞ்ச அன்னிக்கே பட்டியல் கையில இருக்கும். தேதி தெரிஞ்சு, பேர் தெரிஞ்சு வர்ற காலியிடம் இது. ஆனா ஒவ்வொரு தடவையும் திடீர்னு புயல் அடிச்ச மாதிரி, பக்கத்து பி.எச்.சி. டாக்டரை "நீங்க அங்கேயும் பார்த்துக்கோங்க"ன்னு ஒரு உத்தரவு போட்டு அனுப்புறாங்க.

அதோட விளைவு என்ன? ஒரு ஊர்ல டாக்டர் இல்லாத பிரச்சினை, ரெண்டு ஊர்ல அரை டாக்டர் இருக்குற பிரச்சினையா மாறுது. கணக்குல மட்டும் ரெண்டு இடத்துலயும் 'டாக்டர் இருக்கிறார்'.

பகல்ல சளி, காய்ச்சல்னா சமாளிச்சுடலாம். ராத்திரி வயலுக்குத் தண்ணி பாய்ச்சப் போனவரை விரியன் கடிச்சா? விஷமுறிவு மருந்து பி.எச்.சி. ஃப்ரிட்ஜ்லயே இருக்கும். அந்த மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுக்குறதே நம்ம வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கம்தான், 1978ல தொடங்குனது. ஆனா அந்த மருந்தால சில பேருக்குக் கடுமையான ஒவ்வாமை வரும். அப்படி வந்தா உடனே சமாளிக்க டாக்டர் பக்கத்துல இருக்கணும். அவர் இல்லேன்னா என்ன செய்வாங்க? 108ஐக் கூப்பிட்டு தாலுகா ஆஸ்பத்திரிக்கோ மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ அனுப்புவாங்க. மருந்து இங்கே, டாக்டர் அங்கே, நடுவுல வண்டியில ஒரு உயிர். ஜவ்வாது மலையிலும் கல்வராயன் மலையிலும் அந்தப் பயணம் எவ்வளவு நேரம்னு அங்க இருக்குறவங்களைக் கேளுங்க.

அவசரம் மட்டும் இல்ல. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்குற 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்ல தொடங்குச்சு. நல்ல திட்டம், மறுக்கல. ஆனா அந்த மாத்திரையோட அளவைக் கூட்டணுமா குறைக்கணுமான்னு யார் முடிவு பண்றது? ஆள் மாறிக்கிட்டே இருந்தா, உங்க அம்மாவுக்குப் போன வருஷம் சுகர் எவ்வளவு இருந்துச்சுன்னு எந்த டாக்டருக்குத் தெரியும்?

"அதான் தற்காலிக டாக்டர்களை எடுக்குறோமே"ன்னு பதில் வரும். எடுக்குறாங்க. எப்படின்னு பார்ப்போம். மாவட்ட நலவாழ்வுச் சங்கம் மூலமா வர்ற அறிவிப்புகளைப் படிச்சுப் பாருங்க. தொகுப்பூதியம். 11 மாச ஒப்பந்தம். 'இப்பணி முற்றிலும் தற்காலிகமானது, எக்காலத்திலும் நிரந்தரம் செய்யப்படமாட்டாது'ன்னு கையெழுத்து வேற. 11 மாசத்துல ஒரு டாக்டர் ஊரைப் புரிஞ்சுக்க ஆரம்பிக்கும்போது ஒப்பந்தம் முடிஞ்சிடும். நடுவுல வேற நல்ல வேலை கிடைச்சா போயிடுவார், அவரைக் குத்தம் சொல்ல முடியாது. தற்காலிகம்ங்கிற வார்த்தையோட வலி என்னன்னு 2015ல 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துல சேர்ந்த நர்ஸுகளைக் கேளுங்க. ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு நம்பி வந்தவங்க எத்தனை தடவை தெருவுல இறங்கிப் போராட வேண்டியிருந்துச்சு!

அடுத்து ஒரு பழைய பல்லவி: "டாக்டர்கள் கிராமத்துக்கு வர மாட்டேங்குறாங்க." இது முழு உண்மை இல்ல. அரசுப் பணியில இருக்குறவங்களுக்கு மேற்படிப்பில் 50 சதவீத இடம்னு தமிழ்நாடு வச்சிருந்த ஏற்பாடுதான் இளம் டாக்டர்களைக் கிராமத்துக்கும் மலைக்கும் கொண்டு வந்துச்சு. நடுவுல அதுக்குச் சிக்கல் வந்தப்போ, தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் சங்கம் உச்சநீதிமன்றம் வரைக்கும் போச்சு. 2020 ஆகஸ்ட் 31ல அஞ்சு நீதிபதிகள் அமர்வு, இப்படி இடஒதுக்கீடு கொடுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டுன்னு தீர்ப்பு சொன்னுச்சு. வழி கொடுத்தா வருவாங்கங்கிறதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? வந்தவர் படிக்கப் போகும்போது அந்த நாற்காலியில யார்னு யோசிக்காததுதான் அரசோட தப்பு.

நம்ம போக்குவரத்துக் கழக டெப்போவைப் பாருங்க. ஒரு டிரைவர் லீவு போட்டா ஸ்பேர் டிரைவர் வண்டியை எடுக்குறார். இன்னொரு ரூட் வண்டியைப் பாதியில நிறுத்தி, அந்த டிரைவரைக் கூப்பிடுறது இல்ல. பஸ்ஸுக்கே இந்த ஏற்பாடு இருக்கும்போது ஆஸ்பத்திரிக்கு ஏன் இல்ல?

இன்னொரு முக்கியமான விஷயம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு 2020ல வந்துச்சு. அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைங்க அஞ்சரை வருஷப் படிப்பை முடிச்சு டாக்டரா வெளிய வர்ற காலம் இது. கூலி வேலை பார்க்குற அப்பா அம்மாவுக்குப் பிறந்து, நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்ச பசங்க. கிராமத்தைப் பார்த்து மிரளாதவங்க. இவங்க கையில 11 மாச ஒப்பந்தத்தைக் கொடுக்கப் போறோமா, அரசு வேலை ஆணையைக் கொடுக்கப் போறோமா?

நம் கட்சியின் கோரிக்கைகள் தெளிவானவை:

1. ஒவ்வொரு சுகாதார மாவட்டத்திலும் விடுப்பு, மேற்படிப்புக் காலியிடங்களை நிரப்புவதற்கென்றே நிரந்தர ரிசர்வ் மருத்துவர் பணியிடங்களை உருவாக்க வேண்டும். இவர்களை முகாம் வேலைக்கு அனுப்பக் கூடாது.

2. மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆண்டுதோறும், அறிவித்த தேதியில் தேர்வு நடத்த வேண்டும். 2,553 உதவி மருத்துவர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில் அறிவிக்கை வந்தது. தேர்வு நடந்தது 2025 ஜனவரியில். இந்த இடைவெளியில் கிராமங்கள் என்ன செய்யும்?

3. ஒப்பந்த டாக்டர்களுக்கு வேலைக்கேற்ற ஊதியமும் விடுப்பும் வேண்டும். தேர்வு எழுதாமல் நிரந்தரம் ஆக்க முடியாது என்பது 2006 உமாதேவி வழக்கிலிருந்தே நீதிமன்றங்களின் நிலைப்பாடு. அதனால் பொய் வாக்குறுதி தர மாட்டோம். கிராமத்தில் பணியாற்றிய காலத்துக்கு வாரியத் தேர்வில் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள் என்கிறோம்.

4. மலைப்பகுதி பி.எச்.சி.களில் தங்கக்கூடிய குடியிருப்பு, தண்ணீர், இரவுக் காவலர் வேண்டும். ஒரு பெண் டாக்டர் பயமில்லாமல் தூங்க இடம் இல்லாத ஊரில் இரவு டாக்டரை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

5. இன்று பணியில் யார், மாற்றுப் பணியில் யார், திரும்பி வருவது எப்போது என்பதை ஒவ்வொரு பி.எச்.சி. வாசலிலும் பலகையில் எழுத வேண்டும்.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

உங்க பி.எச்.சி.க்குப் போய் எத்தனை டாக்டர் பணியிடம், எத்தனை பேர் இருக்காங்கன்னு மரியாதையாக் கேளுங்க. பதில் கிடைக்கலேன்னா தகவல் உரிமைச் சட்டத்துல ஒரு மனு, 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப், 30 நாள்ல பதில் சொல்லியே ஆகணும். 1100க்குப் போன் பண்ணியும் புகார் பதியலாம். எல்லாத்துக்கும் மேல, அடுத்த கிராம சபையில 'எங்க பி.எச்.சி.க்கு முழுநேர டாக்டர் வேணும்'னு தீர்மானம் போடுங்க. நம் கட்சியின் கிளைத் தோழர்கள் மனு எழுத உதவி செய்வாங்க.

ஒரே ஒரு வேண்டுகோள். கோபத்துல டூட்டியில இருக்குற டாக்டர்கிட்டயோ நர்ஸ்கிட்டயோ சண்டைக்குப் போகாதீங்க. ரெண்டு பேர் வேலையை ஒத்தை ஆளாப் பார்க்குறவங்க அவங்க. கேள்வி கோட்டையை நோக்கி இருக்கட்டும்.

உங்க ஊர் பி.எச்.சி. நிலவரத்தைக் கமெண்ட்ல எழுதுங்க. ஊர், ஒன்றியம், மாவட்டம் போட்டாப் போதும், டாக்டர் பேர் வேண்டாம். மாவட்ட வாரியாத் தொகுத்து, கட்சி சார்பா சுகாதாரத் துறைக்குக் கொடுக்கப் போறோம்.

படிச்சதோட நிறுத்தாம, உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல பகிருங்கள்.

#ஊருக்கொருமுழுநேரடாக்டர்
#தற்காலிகம்போதும்

- தகவல் தொழில்நுட்ப அணி