அமைதியும் ஓர் ஆய்வுக்கருவியே

மொழியியல் ஆய்வுக்கெனக் கணினி வாங்குவோர் செயலியின் வேகத்தையும் நினைவகத்தின் அளவையும் பல நாள் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். அச்செயலியைக் குளிர்விக்கும் கூலரையும் அனைத்தையும் தாங்கும் கேபினட்டையும் கடைக்காரரின் விருப்பத்திற்கு விட்டுவிடுகின்றனர். பேச்சொலியை ஆராய்பவர்க்கு இது சிறு கவனக்குறைவன்று. தரவின் தரத்தையே தொடும் குறை.

பெங்களூரின் ஈஜிபுராவை எடுத்துக்கொள்ளலாம். சுவரோடு சுவர் நெருங்கி நிற்கும் மாடிக் கட்டடங்கள்; ஒற்றையறை வாடகைக் குடியிருப்புகள். தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது ஆகியவை ஒரே தெருவில் புழங்குவதால், மொழித்தொடர்பை ஆராய்வோர்க்குக் களம் வாசலிலேயே அமைந்துவிடுகிறது. ஆனால் படுக்கை, மேசை, கணினி, ஒலிவாங்கி யாவும் கைக்கெட்டும் தொலைவில்தான் இருக்கின்றன. குடியிருப்புப் பகுதிகளில் இரவு 10 மணிக்குமேல் ஒலி 45 டெசிபலைத் தாண்டலாகாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். தெரு அடங்கிய பின்னும் அறைக்குள் அடங்காதது கணினியின் விசிறியே.

தமிழில் உயிர்களுக்கு இடையே வரும் ககரம் தடையொலியாக நில்லாமல் உரசொலியாக மெலிகிறது. பரந்த அலைவெண்களில் விரவும் விசிறியின் இரைச்சல் அம்மெல்லிய உரசலை எளிதில் மூடிவிடும். மென்பொருளால் இரைச்சலை நீக்க முயன்றால் உரசலிலும் ஒரு பகுதி உடன் போகும். பதிவின்போது கணினியை அணைத்துவிடலாமே எனலாம். உண்மைதான். ஆனால் பதிந்ததை மணிக்கணக்கில் கேட்டு எழுத்தாக்கும் வேலையை அதே கணினியின் முன்தான் செய்ய வேண்டும். இரைச்சலை வெல்லக் காதணியின் ஒலியைக் கூட்டுவோர் செவியை விலையாகத் தருகின்றனர்.

இரைச்சலைக் குறைக்க வேண்டுமெனில் அதைப் பெட்டிக்குள் அடைத்துவிட வேண்டும் என்பதே பொதுவான எண்ணம். நுரைப்பஞ்சு ஒட்டிய, முகப்பு மூடிய கேபினட்டுகள் அவ்வெண்ணத்தை நம்பியே விற்கப்படுகின்றன. ஒலியை அடைக்கும் சுவர் காற்றையும் அடைக்கிறது. உள்ளே வெப்பம் ஏற, விசிறி இன்னும் விரைந்து சுழல்கிறது. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றோட்டமும் பாதியாகும். இரைச்சலோ ஏறத்தாழ 15 டெசிபல் தாழும். அதே வகை விசிறி இரண்டினைப் பாதி வேகத்தில் ஓட்டினால் 3 டெசிபல் மட்டும் கூடும். ஆக, விரைந்தோடும் ஒரு விசிறி தரும் காற்றை மெல்லச் சுழலும் இரண்டு விசிறிகள் ஏறத்தாழ 12 டெசிபல் குறைவாகத் தந்துவிடும். காற்றுக்கு வழிவிடும் பெட்டியே அமைதியான பெட்டி.

எனவே வலைமுகப்பும், 120 அல்லது 140 மில்லிமீட்டர் விசிறிகளுக்கு இடமும் உள்ள எளிய கேபினட் போதும். 65 வாட் வகைச் செயலிக்குச் செப்புக்குழாய்கள் ஊடுருவும் ஒற்றைக் கோபுரக் கூலர் தாராளம். பம்பின் ஒலியையும் சேர்த்துக் கொண்டுவரும் திரவக் குளிர்விப்பு இங்குத் தேவையற்றது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள பெங்களூரில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் கூலரைச் சற்றுப் பெரிதாகத் தேர்வது நன்று. 2017இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுபட்ட ஈஜிபுரா மேம்பாலப் பணியின் அருகே வாழ்ந்தோர்க்குத் தூசியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கழற்றித் துடைக்கத்தக்க வடிகட்டி கட்டாயம் வேண்டும்.

செலவும் எளிதில் கடக்கத்தக்கதன்று. நெட் தேர்வு சாராது மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோர் பெறும் உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். இரண்டாயிரம் ரூபாய் அளவிலான கூலர் அதில் கால்பங்கு. ஆயினும் கண்ணாடிப் பக்கத்திற்கும் வண்ண விளக்குகளுக்கும் தரும் பணத்தை எஸ்.பி. சாலைக் கடையில் மறுத்தாலே அதில் பெரும்பகுதி மீளும். பயாஸில் விசிறியின் வேக ஏற்றத்தை மென்மையாக்குவதற்கும் செயலியின் மின்வரம்பைக் குறைப்பதற்கும் ஒரு ரூபாயும் ஆகாது. ஏறி இறங்கும் இரைச்சலைவிடச் சீரான மெல்லொலி செவிக்கு எளிது.

இருந்தும் இதனை ஆய்வாளரின் தனிச் சிக்கனத்திற்கே விட்டுவிடுவது முறையன்று. மொழியியல் துறைகள் ஒலிவாங்கியின் தரத்தை வற்புறுத்துகின்றன. அதனருகில் ஓடும் கணினியின் இரைச்சலைக் கேட்பதில்லை. துறைக்குக் கணினி வாங்கும் ஒப்பந்தப்புள்ளியில் இரைச்சலுக்கென ஒரு வரம்பும், தரவு பதியப்பட்ட அறையின் பின்னணி ஒலியளவுக்கென ஆய்வேட்டில் ஒரு வரியும் இடம்பெற வேண்டும். ஈஜிபுராவின் ஒற்றையறையில் பிறக்கும் தரவும் ஆய்வகத்தில் பிறக்கும் தரவும் ஒரே மதிப்பீட்டுக்கு உட்படும்போது, அமைதியை மட்டும் வசதி படைத்தோரின் உடைமையாக விட்டுவைப்பது எவ்வகையில் நியாயம்?